உங்களுக்குத் தெரியுமா? விமானியின் மாதக் கணக்கு

★ விமானி மாதத்துக்கு எத்தனை மணி நேரம் பறக்கலாம்? இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பா மூன்றிலும் 28 நாளுக்கு 100 மணி நேரம்தான் உச்சவரம்பு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஆண்டுக்கு 1000 மணி நேரம். மாதாமாதம் 100 மணி நேரம் பறந்தால் பத்தே மாதத்தில் ஆண்டுக் கணக்கு தீர்ந்துவிடும். அதனால் சராசரியாக மாதம் 83 மணி நேரத்துக்கு மேல் ரோஸ்டர் (பணி அட்டவணை) போட முடியாது.

★ "மாதம் 80 மணி நேரம்தானா வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் ஏறுவது 'பிளாக் டைம்' மட்டுமே. விமானம் புறப்பட நகரத் தொடங்கிய நிமிஷத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் நிமிஷம் வரை. சென்னையிலிருந்து மதுரை போய்த் திரும்பி, அடுத்து கோவை போய்த் திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயணமும் ஒன்றே கால் மணி நேரம் என்றால் கணக்கில் ஏறுவது 5 மணி நேரம். முதல் விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆஜராக வேண்டும். வானிலை அறிக்கை பார்த்து, எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று முடிவு செய்வதெல்லாம் அந்த நேரத்தில்தான். நடுவே மூன்று முறை பயணிகள் இறங்கி ஏறும் வரை காத்திருப்பு, தடவைக்கு 40 நிமிஷம். ஆக டியூட்டி 8 மணி நேரம், கணக்கில் 5. வெளியூர் ஹோட்டலில் கழியும் இரவுகளும் அழைத்தால் கிளம்பத் தயாராக இருக்கும் ஸ்டாண்ட்-பை நாட்களும் தனி.

★ மேலே வரம்பு போட்டது சட்டம். கீழே ஒரு வரம்பு இருக்கிறது, அது சம்பள ஒப்பந்தத்தில் வருவது. நிறுவனம் வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், இத்தனை மணி நேரத்துக்கான சம்பளம் உறுதி என்பதுதான் அது. அமெரிக்காவின் பல நிறுவனங்களில் மாதம் 70 மணி நேரத்தை ஒட்டி இருக்கும். ஏர் இந்தியாவுடன் இணைவதை முன்னிட்டு விஸ்தாரா நிறுவனம் தன் 70 மணி நேர உறுதியை 40 ஆக்கியதும் விமானிகள் கொந்தளித்தார்கள். 2024 ஏப்ரலில் விமானங்கள் வரிசையாக ரத்தாயின. கூடுதல் ஆள் கைவசம் இல்லாமல் ரோஸ்டரை இறுக்கிவிட்டதை நிர்வாகமே ஒப்புக்கொண்டு, தினமும் 25 முதல் 30 விமானங்களைக் குறைத்தது.

★ அமெரிக்காவில் எந்த நாள் லீவு, எந்த ஊர்ப் பயணம் என்பதை முடிவு செய்வது சீனியாரிட்டி. மாதாமாதம் விமானிகள் விருப்பத்தைப் பதிவு செய்வார்கள். மூத்தவர் எடுத்தது போக மிச்சம்தான் இளையவருக்கு. வேறு நிறுவனத்துக்குத் தாவினால், இருபது வருஷ அனுபவம் இருந்தாலும் அங்கே கடைசி ஆள்.

★ கேப்டன் பதவி வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள்! யுனைடெட் ஏர்லைன்ஸ் அறிவித்த கேப்டன் பணியிடங்களில் கிட்டத்தட்ட பாதிக்கு ஆள் வரவில்லை என்று 2023-இல் செய்தி வந்தது. மூத்த துணை விமானி நினைத்த நாளில் லீவு போடலாம். அவரே கேப்டன் ஆனால் கேப்டன்கள் பட்டியலில் கடைசி. பண்டிகை நாளிலும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு ஸ்டாண்ட்-பை. கூடுதல் சம்பளத்தைவிடப் பிள்ளைகளோடு இருக்கும் நாட்கள் பெரிது என்று முடிவெடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

★ 2017 நவம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கணினியில் ஒரு கோளாறு. கிறிஸ்துமஸ் சமயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் லீவு கொடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான விமானங்களுக்கு ஆள் இல்லை. ஒன்றரை மடங்கு சம்பளம் தருகிறோம், வாருங்கள் என்று அழைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவின் ரையன்ஏர், விமானிகளின் லீவுக் கணக்கில் குழம்பி, ஆறு வாரத்துக்குச் சுமார் 2000 விமானங்களை ரத்து செய்தது.

★ குறைவாகப் பறப்பதும் சிக்கல்தான். 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தைக் கிளப்பி, இறக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் சிமுலேட்டரில் அதைச் செய்து காட்டிவிட்டுத்தான் பயணிகளை ஏற்றலாம். கொரோனா முடக்கத்தின்போது, தென்கொரியாவின் ஏசியானா நிறுவனம் பயணிகளே இல்லாமல் ஏ380 விமானத்தைப் பறக்கவிட்டது இதற்காகத்தான்.

★ அமெரிக்காவின் இன்றைய ஓய்வு விதிகளுக்குப் பின்னால் 50 உயிர்கள் இருக்கின்றன. 2009 பிப்ரவரி 12 அன்று நியூவர்க்கிலிருந்து கிளம்பிய கோல்கன் ஏர் விமானம் பஃபலோ அருகே விழுந்தது. துணை விமானி முந்தைய இரவு முழுக்க சியாட்டிலிலிருந்து விமானம் மாறி மாறிப் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். கேப்டன் விமான நிலைய ஓய்வறையில் தூங்கியவர். கேப்டன் தவறாகக் கையாண்டதே விபத்துக்குக் காரணம் என்று தீர்ப்பளித்த விசாரணை, இருவரின் களைப்பையும் குறித்து வைத்தது. 2014 ஜனவரியில் புதிய விதி அமலானது: டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் இடையூறில்லாமல் தூங்க வாய்ப்பு.

★ நம் நாட்டிலும் 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ விதிகளைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரமானது. இரவு டியூட்டியில் அனுமதிக்கும் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. இரண்டு கட்டங்களாக வந்த இந்தத் திருத்தத்தின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1-இல் அமலானது. தயாராவதற்கு இவ்வளவு அவகாசம் இருந்தும், டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ தடுமாறி ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. நெருக்கடி தீர, இரவு டியூட்டி விதிகளில் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிகத் தளர்வு தரப்பட்டது. ஆள் சேர்க்காதது நிர்வாகம். தூக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவர் விமானி. இது நியாயமே இல்லை.

★ "விமானியின் டியூட்டி நேரம் முடிந்துவிட்டது, விமானம் தாமதம்" என்று விமான நிலையத்தில் அறிவித்தால் கோபம் வரும்தான். உங்களுக்குச் சேர வேண்டிய சாப்பாட்டையும் மாற்று ஏற்பாட்டையும் நிறுவனத்திடம் விடாமல் கேட்டு வாங்குங்கள். "இன்னும் ஒரு தடவை ஓட்டினால் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள்.