புதுச்சேரி நகர வெள்ளத் தடுப்பும் குடியிருப்போரின் தகவமைப்புத் திறனும்

வெள்ளத் தடுப்புப் பணிகள் நீரின் போக்கோடு, மக்கள் நீரை எதிர்கொள்ளும் முறையையும் மாற்றுகின்றன. கரைகள் தரும் பாதுகாப்புணர்வு தாழ்நிலக் குடியேற்றத்தைப் பெருக்கி, அரிதாக வரும் பெருவெள்ளத்தில் இழப்பை மிகுவிக்கக்கூடும் என்பதை அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் ஒயிட் 1945இல் விளக்கினார்.

புதுச்சேரியின் மழைநீரைப் பெரிய வாய்க்காலும் உப்பனாறு வாய்க்காலும் கடலுக்குக் கொண்டுசெல்கின்றன. 2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது, 24 மணிநேரத்தில் 40 செ.மீட்டருக்கும் மிகுதியாக மழை பெய்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் முதலிய தாழ்வான பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. எந்த வடிகாலும் குறிப்பிட்ட மழையளவுக்கே வடிவமைக்கப்படுகின்றது. அவ்வளவைக் கடந்தால் எஞ்சுவது குடியிருப்போரின் ஆயத்தமே.

அவ்வாயத்தம் அனைவர்க்கும் ஒத்ததன்று. சொந்த வீட்டார் தரைமட்டத்தை உயர்த்தலாம், மேல்தளம் எழுப்பலாம். வாடகைக்கு இருப்போர்க்கு அவ்வுரிமை இல்லை. மேலும், பழைய வீடுகளுக்குத் திண்ணையின் உயரமே காப்பாக இருந்தது. சாலையை மேன்மேலும் உயர்த்தும்போது வீடு பள்ளமாகி அக்காப்பு அழிகின்றது.

எனவே, வடிந்த நீரின் அளவோடு, பணி முடிந்தபின் எளியோர்க்கு எஞ்சியிருக்கும் தெரிவுகளையும் திட்ட மதிப்பீடு கணக்கிடுதல் வேண்டும்.