ஐநூற்று ஒன்றாவது யூனிட்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை என்றில்லாமல், இரண்டு மாதப் பயன்பாடு ஏற ஏற விலையும் ஏறும் படிநிலை முறையில் கணக்கிடப்படுவதால், எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதோடு அது எத்தனை மீட்டர்களில் பதிவானது என்பதும் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை போன்ற, வெளியூரார் வந்து தங்கும் ஊர்களின் வாடகைக் குடித்தனங்களில் இந்த இரண்டாவது காரணம் முதலாவதை விடப் பெரிதாகிவிடுவதுண்டு.

யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம். 2016 முதல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, பயன்பாடு 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த நூறு யூனிட்டுக்குத் தலா 2.25 ரூபாயும், 201 முதல் 400 வரை 4.50 ரூபாயும், அதற்கு மேல் 6 ரூபாயும் ஆயின. 500-ஐத் தாண்டினாலோ, 2.25 ரூபாய்ச் சலுகை அடியோடு நீங்கி, 101-ஆம் யூனிட்டிலிருந்தே 4.50 ரூபாய் கணக்கிடப்பட்டு, 501-லிருந்து 8 ரூபாய் தொடங்கியது. ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டிய வீடு, 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய் கட்ட நேர்ந்தது. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். 2024 ஜூலையில் கட்டணம் 4.83 விழுக்காடு உயர்ந்தபோதும் இந்த அமைப்பு மாறவில்லை.

ஒரே மனையில் மூன்று குடித்தனங்கள் தலா 200 யூனிட் செலவழிப்பதாகக் கொண்டால், 2022 கட்டணப்படி தனித்தனி இணைப்பில் மூன்றுக்கும் சேர்த்து 675 ரூபாய்தான் வரும். ஒரே மீட்டரில் ஓடினால் அதே 600 யூனிட்டுக்கு 2,750 ரூபாய். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதை அநியாயம் என்று குடியிருப்போர் குறைகூறுவது வழக்கமாயினும், அதில் ஒரு பகுதி பேராசையன்று, இந்தக் கணக்கின் விளைவே. ரீடிங் எடுப்பவர் சில நாள் தாமதித்து வந்தால்கூட எல்லையோரத்திலுள்ள வீடு 500-ஐத் தாண்டிவிடக்கூடும் என்பதால்தான், 2021 தேர்தலில் தி.மு.க. மாதந்தோறும் கணக்கெடுப்பதாக அளித்த வாக்குறுதி இன்றும் நினைவூட்டப்படுகிறது.

மின்சேமிப்பின் பலனும் வீட்டுக்கு வீடு வேறுபடும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் சுழலும் 75 வாட் மின்விசிறி இரண்டு மாதத்தில் 72 யூனிட் எடுக்கும். பி.எல்.டி.சி. எனப்படும், மின்னணுச் சுற்றால் இயக்கப்படும் நிலைக்காந்த மோட்டார் கொண்ட விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும் என்பதால், 43 யூனிட் மிச்சமாகும். 2022 கட்டணப்படி, 200 யூனிட் செலவழிக்கும் வீட்டில் இந்த மிச்சம் 97 ரூபாய். 540 யூனிட்டிலிருந்து 497-க்கு இறங்கும் வீட்டிலோ 563 ரூபாய். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகியிருப்பதால், கடையில் விலையோடு வாட் அளவையும் ஒப்பிட்டு வாங்க முடிகிறது.

மின்வெட்டு உச்சத்திலிருந்த 2012-இல் சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்சாரம் இல்லாமற்போனதால் இன்வெர்ட்டர் வீடுகளுக்குள் நுழைந்தது. அதன் பேட்டரியில் மின்சாரத்தை ஏற்றி இறக்குகையில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகி, அதுவும் யூனிட் கணக்கில் சேர்கிறது. பேட்டரி பழையதானால் இழப்பு கூடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக முன்னறிவித்து நிறுத்துவதைத் தவிர நீண்ட மின்தடை அரிதான வீட்டில், நான்கைந்து ஆண்டுப் பேட்டரியை வைத்துக்கொண்டிருப்பது வீண் செலவே.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், 3 கிலோவாட் கூரைச் சூரியத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 200 யூனிட்டுக்குள் வாழும் வீடு இதில் போட்ட முதலை எடுக்க நெடுங்காலமாகும். ஒரே மீட்டரில் பல குடித்தனங்கள் ஓடும் வீட்டுக்கோ விரைவில் கைகூடும், ஆனால் அங்கே கூரை வீட்டுக்காரருடையது, கட்டணம் குடியிருப்பவருடையது.