கைப்பும் மணமும்: வீட்டில் ஆக்கும் பேல் ஏல்

வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி, அதன் இனிய சாற்றை ஹாப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் இட்டுப் புளிக்கச் செய்தால் கிடைப்பது பீர். அதன் வகைகளுள் ஒன்று பேல் ஏல். முளைத் தானியத்தைக் கருகவிடாது இளஞ்சூட்டில் உலர்த்துவதால் சாறு வெளிறிய பொன்னிறம் பெறும். பெயர்க் காரணமும் அதுவே. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரம் இதற்குப் பேர்பெற்று விளங்கியது.

பின்னர் அமெரிக்கர் இதனைப் புதுவழியிற் செலுத்தினர். ஒரேகான் மாநிலத்தில் உருவாக்கப்பெற்று 1972-இல் வெளிவந்த 'கேஸ்கேட்' என்னும் ஹாப் வகை பம்பளிமாஸ் தோலை ஒத்த மணம் உடையது. கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் 1980-இல் பீர் ஆக்கத் தொடங்கிய சியரா நெவாடா ஆலை அப்பூவைத் தாராளமாகக் கையாண்டது. மால்ட்டின் இனிப்புக்குத் துணையாக நின்ற ஹாப், அதன்பின் தலைமை ஏற்றது எனலாம்.

வீட்டில் பீர் ஆக்குவதற்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டை இங்கிலாந்து 1963-இல் நீக்கியது. அமெரிக்கக் கூட்டரசின் சட்டம் 1978-இல் அதற்கு இடந்தந்தது. அந்நாடுகளில் இது தோட்டவேலைபோல் ஒரு பொழுதுபோக்காயிற்று. அவ்வாறு ஆக்குவோரிற் பலர் விரும்புவது, ஹாப் மணம் கமழ வேண்டும், ஆனால் மயக்கம் மிகாமல் இரண்டு குவளை அருந்தத் தக்கதாய் இருக்க வேண்டும் என்பதே. கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அத்துணை எளிதன்று.

ஹாப் என்பது கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் பெண் பூங்கதிர். அதில் இருவேறு பொருள்கள் உள்ளன. ஒன்று ஆல்பா அமிலம்; கொதிநீரில் நெடுநேரம் கிடந்து வடிவம் மாறிய பின்னரே அது சாற்றிற் கரைந்து கைப்பைத் தரும். மற்றொன்று நறுமண எண்ணெய். அது ஆவியோடு பறந்துவிடும். ஆகவே, கைப்பை வரவழைக்கும் கொதியே மணத்தை விரட்டுகிறது. இரசத்தை இறக்கும்போது கொத்தமல்லித் தழை தூவும் இல்லத்தரசிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

வலிய பீருக்குரிய அளவுக் குறிப்பை எடுத்து மெலியதாக்க முனைபவர் இடறுவது இங்கேதான். நீரின் ஒப்படர்த்தி 1.000 என்றால், வலிய ஏலுக்குரிய சாறு 1.060 இருக்கும், கைப்பு 45 அலகு என்க. (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கைப்புப் பொருள் ஏறக்குறைய ஓர் அலகு.) தானியத்தை மட்டும் குறைத்து 1.042-க்குக் கொணர்ந்தால், தாங்கும் இனிப்பின்றிக் கைப்பு நாவை அறுக்கும். எல்லா ஹாப்பையும் ஒரே விகிதத்திற் குறைத்தாலோ, மணமும் குன்றிக் கழுநீர் போலாகும். குறைக்க வேண்டியது முதலில் இடும் ஹாப்பை மட்டுமே. கடைசியில் இடுவதைக் குறைத்தலாகாது, கூட்டினும் தவறில்லை.

20 லிட்டருக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். வெளிறிய மால்ட் 3.5 கிலோ, நிறத்துக்குக் கிரிஸ்டல் மால்ட் 200 கிராம், நுரை நிலைக்கக் கோதுமை மால்ட் 200 கிராம். நொதித்தபின் ஆல்கஹால் 4 விழுக்காட்டைச் சற்றே கடக்கும். ஆல்பா அமிலம் 6 விழுக்காடுள்ள கேஸ்கேட் பூவில் 20 கிராமை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் 15 அலகு கைப்பு கிட்டும். அதே பூவில் 25 கிராமைக் கடைசிப் பத்து நிமிடத்தில் இட்டால் 7 அலகுகூட வாராது. பூ கூடியும் கைப்பு பாதிக்கும் குறைவு! அடுப்பை அணைத்துச் சாறு 80 பாகை செல்சியசுக்கு ஆறியபின் இன்னுமொரு 40 கிராமை இருபது நிமிடம் ஊறவிடலாம். மொத்தக் கைப்பு 30 அலகுக்குள் அடங்கும்.

மெலிந்த பீருக்கு நீர்த்துப்போகும் குறையும் உண்டு. அதற்கு மருந்து அடுப்பில் அன்று, தானியத்தை ஊறவைக்கும் சூட்டில் இருக்கிறது. 63 பாகை அளவில் ஊறினால் மாவுச்சத்து பெரும்பாலும் ஈஸ்ட் உண்ணத்தக்க சர்க்கரையாகிவிடும். 68 பாகையில் ஊறினால் ஈஸ்ட் தீண்டாத பெரிய சர்க்கரைகள் மிஞ்சி வாய்க்கு நிறைவு தரும். கிரிஸ்டல் மால்ட்டை அள்ளிப் போட்டு நிறைவு தேடுவோர் உளர். அது பாகுச் சுவையாகி மணத்தை மூடிவிடும்.

பர்ட்டன் நகரக் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அதிலுள்ள சல்பேட் கைப்பைக் கூர்மையாக்கும். பிறவூரார் தம் நீரில் ஜிப்சம் கலந்து அதனைப் பின்பற்றினர். மெலிய ஏலுக்கோ சிறிதே போதும்.

நொதித்தல் 18 முதல் 20 பாகையில் நிகழ வேண்டும்; வெப்பநாட்டில் குளிர்ப்பெட்டியின்றி இயலாது. நொதிப்பு அடங்கியதும் 50 கிராம் ஹாப்பை அப்படியே இட்டு மூன்று நாள் விடுவர். கொதி இல்லாமையால் மணமே பெரிதும் இறங்கும். அதன்பின் காற்றுப் படுவது பெரும்பகை; பிராணவாயு கலந்தால் மணம் நனைந்த அட்டையின் வாடையாகத் திரியும். 120 கிராம் சர்க்கரை சேர்த்துப் பழுப்புப் புட்டிகளில் அடைப்பர். வெளிச்சம் பட்டால் ஹாப்பின் கைப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் எழும் என்பதாலேயே அந்நிறம். இரண்டு வாரத்தில் குமிழி ஏறும். இரண்டு மாதம் கடந்தால் கைப்பு நிற்க, மணம் மங்கத் தொடங்கும்.