பகலில் ஒரு நிறம், ராத்திரியில் ஒரு நிறம்

நீலத்தோடு கத்தரிப்பூ கலந்த நிறம் போல வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறுகிற வேறு நிறத்தை நான் எந்தச் சுவரிலும் அடித்ததில்லை. அதனால்தான் ஷேட் கார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைக் காட்டி, "இதுல எது மேஸ்திரி?" என்று கேட்டால் அந்த இடத்திலேயே பதில் சொல்ல மாட்டேன்.

காரைக்குடிப் பக்கம் ஒரு வீடு. அம்மாவுக்கு நீலம் தூக்கலான ஷேட் பிடித்திருந்தது. மகளுக்குக் கத்தரிப்பூ தூக்கலானது. கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான். இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, தனித்தனி வெள்ளைச் சார்ட் அட்டையில் ஓரம் விட்டு இரண்டு கோட் அடித்தேன். பழைய சுவரிலேயே அடித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அந்த வீட்டுச் சுவர் மஞ்சள். மஞ்சளுக்கு நடுவே வைத்த ஊதா, இருப்பதைவிட அழுத்தமாகத் தெரியும். ஈரத்தில் தெரிவதும் நிறமல்ல, காய வேண்டும்.

காய்ந்த அட்டைகளை ஜன்னலுக்கு எதிரே, மூலையில், தரையோரம் என்று மாற்றி மாற்றி வைத்தோம். அறையில் சிவப்பு ஆக்சைடு தரை. மத்தியான வெயில் தரையில் பட்டதும் அந்தச் சிவப்பு மேலே ஏறி, கத்தரிப்பூ ஷேட் அநேகமாக ரோஜா நிறத்துக்கே போய்விட்டது. ராத்திரி மஞ்சள் பல்பில் நீல ஷேட் சாம்பல் பூத்து நின்றது. அந்த வெளிச்சத்தில் நீலம் குறைவு. சுவர் எதைத் திருப்பித் தரும்? பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை பல்பை மாட்டியதும் நீலம் எழுந்துவிட்டது.

"அண்ணே, இதையே அடிச்சிடுங்க, பல்பை மாத்திக்கிறோம்" என்றாள் மகள்.

இந்த நிறம் நம் சுவர்களுக்குப் புதிதல்ல. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் கலந்த நீலப்பொடி அல்ட்ராமரைன்தான். அதிலேயே லேசான ஊதாச் சாயல் உண்டு, சுண்ணாம்பின் காரத்துக்கும் அது கெடாது.

இன்னொன்று: நாலு சுவரிலும் அடித்தால் சுவருக்குச் சுவர் நிறம் எதிரொளித்து, அட்டையில் பார்த்ததைவிட அழுத்தமாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு படி வெளிறியதை எடுங்கள். தேவையான எமல்ஷனை ஒரே தடவையில் கலந்து வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.