ஆட்டக்காரரும் ஆட்டக்காரியும்

மலேசியத் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ‘ஆட்டக்காரர்’ என்ற சொல் இல்லாத நாளே கிடையாது. காற்பந்து ஆட்டக்காரர், பூப்பந்து ஆட்டக்காரர், தேசிய ஆட்டக்காரர் என்று மதிப்போடு வரும் சொல் அது. அதையே பெண்பாலாக்கி, ‘ஆட்டக்காரி’ என்று ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள். தெருவில் சண்டை மூளும். பகுதி ஒன்றுதான், விகுதி மட்டுமே மாறுகிறது. ஆனால் ஆணுக்குப் புகழாக இருப்பது பெண்ணுக்கு வசையாகிவிடுகிறது. பந்தாடும் பெண்களைப் பற்றி எழுதும்போதுகூட நிருபர்கள் ‘ஆட்டக்காரர்’ என்றே எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பழைய வேறுபாடுதான் இப்போது கைத்தொலைபேசி விளையாட்டுகளில் புதிய சொற்களோடு திரும்பி வந்திருக்கிறது.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் திடல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. லயத்து வீடுகளுக்கு எதிரே, கோயிலுக்கும் கடைக்கும் நடுவே கிடக்கும் புல்வெளி. மாலை ஐந்து மணிக்கு மேல் அது பையன்களுடையது. பெண்பிள்ளைகள் அதன் ஓரமாக நடந்து கடைக்குப் போய் வருவார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீட்டுக்குள் இருந்தாக வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் பெயர்ந்த பிறகு, பல இடங்களில் அந்தத் திடலும் இல்லாமல் போனது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிப் பாடமே கைத்தொலைபேசிக்கு மாறியது. பாடத்துக்காக வாங்கிய கருவியில் விளையாட்டும் ஏறியது. இருட்டிய பிறகும், வீட்டை விட்டு வெளியேறாமலே, ஊர் பேர் தெரியாத நாலு பேரோடு சேர்ந்து ஆடக்கூடிய ஒரு திடல் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆகவே அங்கே அவர்களுக்கு நேர்வதைப் பிள்ளைகள் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது.

நேர்வது என்ன? மலேசியாவில் பெரிதும் ஆடப்படும் மொபைல் லெஜெண்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அணிக்கு ஐந்து பேர். மைக்கைத் திறந்து பேசிக்கொண்டே ஆடலாம். பெண் குரல் கேட்காதவரை எல்லாரும் ஆட்டக்காரர்கள். கேட்டதும் அந்த ஒருவருக்கு மட்டும் ஒரு பெயர் விழும். அப்படி விழும் பெயர்களில் ‘கேர்ள் கேமர்’ என்பது சாதுவானது. ஆண்களின் கவனத்துக்காக ஆடுகிறவள் என்றால் ‘ஃபேக் கேமர்’. மற்ற பெண்களைப் போல நான் இல்லை என்று காட்டிக்கொள்கிறவள் ‘பிக் மீ’. வேறு யாரோ ஆடி ரேங்க்கை ஏற்றிக் கொடுத்தார்கள் என்றால் ‘பூஸ்டட்’. சரியாக ஆடாவிட்டால் ‘பொண்ணுதானே’, நன்றாக ஆடினால் ‘அண்ணன் போனைப் பிடிச்சிருக்கான்’. தோற்றாலும் பெயர் உண்டு, ஜெயித்தாலும் பெயர் உண்டு.

இதில் ஏஞ்சலாவின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏஞ்சலா என்பது அந்த ஆட்டத்தில் வரும் துணைப் பாத்திரம், அதாவது ‘சப்போர்ட்’. வரைபடத்தின் எந்த மூலையில் இருக்கும் தோழருக்குள்ளும் புகுந்து, கொஞ்ச நேரம் அவரோடு ஒட்டி நகர்ந்து அவரைக் காப்பதுதான் அவளுடைய பெரிய ஆற்றல். ஏஞ்சலாவை ஆடுகிறவருக்கு நாலு தோழர்களின் உயிர்க்கோடும் கண்ணில் இருக்க வேண்டும். எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று கணிக்க வேண்டும். எந்த நொடியில் யாருக்குள் புகுவது என்று முடிவெடுக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் தோழர் செத்திருப்பார். இவ்வளவு கணக்குப் போட்டு ஆடுகிற பெண்ணைத்தான் ‘ஒட்டிக்கொண்டே ரேங்க் ஏறுகிறவள்’ என்று கேலி பேசுகிறார்கள். அவளுடைய திறமையே அவள் அடுத்தவரை அண்டிப் பிழைப்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

பெயர் வைப்பதன் பலன் உடனே தெரிகிறது. பெண்பிள்ளைகள் கணக்கின் பெயரை ஆண் பெயராக மாற்றுகிறார்கள். மைக்கை மூடிவிடுகிறார்கள். எதிரி எந்தப் பாதையில் வருகிறான், யார் பின்வாங்க வேண்டும் என்று குரலில் சொல்லிக்கொள்ளும் அணியோடு, வாயை மூடிக்கொண்டு ஆட வேண்டிய நிலை. அப்போது ஆட்டம் சறுக்கும். சறுக்கினால் பழையபடி ‘பொண்ணுதானே’.

இது ஒரு சிலரின் மனக்குறை அல்ல, ஆய்வில் அளந்து பார்த்த உண்மை. 2013-இல் ‘நியூ மீடியா அண்ட் சொசைட்டி’ ஆய்விதழில் குஸ்னெகாஃப், ரோஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹேலோ 3 ஆட்டத்தில், முன்கூட்டிப் பதிவுசெய்த ஒரே வகைச் சொற்களைச் சில ஆட்டங்களில் ஆண் குரலிலும் சில ஆட்டங்களில் பெண் குரலிலும் ஒலிக்கச் செய்தார்கள். ஆண் குரலுக்குக் கிடைத்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வசை பெண் குரலுக்குக் கிடைத்தது. 2015-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் காசுமோவிச்சும் குஸ்னெகாஃபும் இன்னும் ஒரு படி போய், திட்டுகிறவர் யார் என்று பார்த்தார்கள். பெண் குரலிடம் அதிகப் பகை காட்டியவர்கள் ஆட்டத்தில் பின்தங்கிய ஆண்கள். நன்றாக ஆடுகிறவர்கள் அப்படி நடந்துகொள்ளவில்லை.

நன்றாக ஆடினால் விட்டுவிடுவார்களா என்று கேட்பவர்கள் தென்கொரியாவின் கிம் சே-யோனின் கதையைக் கேட்க வேண்டும். ‘கெகுரி’ என்ற பெயரில் ஓவர்வாட்ச் ஆடுபவர். 2016-இல் அவருக்கு வயது 17. ஸார்யா என்ற பாத்திரத்தை அவர் கையாண்ட விதத்தில் குறி அவ்வளவு துல்லியமாக விழுந்தது. இது மனிதக் கை இல்லை, ஏமாற்று மென்பொருள் என்று எதிரணி ஆட்டக்காரர்கள் குற்றம் சாட்டினார்கள். மிரட்டலும் வந்தது. ஆட்டத்தை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம் அவர் ஏமாற்றவில்லை என்று சொன்ன பிறகும் சந்தேகம் அடங்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் ஓர் ஒளிப்பதிவுக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். திரையை ஒரு கேமரா பார்த்தது, மௌஸ் பிடித்த கையை இன்னொரு கேமரா பார்த்தது. நேரலையில் மறுபடியும் அதே துல்லியத்தோடு ஆடிக் காட்டினார். குற்றம் சாட்டியவர்கள் விலகிப் போனார்கள். 2018-இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. ஓவர்வாட்ச் லீகில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். இவ்வளவுக்கும் பிறகுதான் அவர் வெறும் ஆட்டக்காரர் ஆக முடிந்தது. எந்தப் பையனைக் கேமரா முன்னால் உட்காரவைத்துக் கையைக் காட்டச் சொன்னார்கள்?

மேற்கில் இதே பகை 2014-இல் ‘கேமர்கேட்’ என்ற பெயரில் வெடித்தது. விளையாட்டு உருவாக்கும் ஸோயி குவின், விளையாட்டுகளில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று ஆராய்ந்த அனிட்டா சர்க்கீசியன் போன்ற பெண்கள் கொலை மிரட்டலுக்கு அஞ்சி வீட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாம் பேசவிருந்த கூட்டத்தை சர்க்கீசியன் கைவிட்டார். படுகொலை நடக்கும் என்று மிரட்டல் வந்திருந்தது. அப்படியும் உரிமம் பெற்றவர்கள் கூட்டத்துக்குத் துப்பாக்கி கொண்டுவருவதை மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது.

தமிழுக்கும் இதில் பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் மதன் குமார், ‘மதன்’, ‘டாக்ஸிக் மதன் 18+’ என்ற யூடியூப் அலைவரிசைகளை நடத்தினார். 2020 செப்டம்பரில் இந்தியா பப்ஜி மொபைல் விளையாட்டைத் தடைசெய்த பிறகும் அதை ஆடி நேரலையில் காட்டினார். ஆட்டத்தோடு வந்தது பெண்களைப் பற்றிய ஆபாசப் பேச்சு. புகார்கள் குவிந்தன. முன்ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அந்தப் பேச்சை முதலில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அவருடைய வழக்கறிஞரிடமே சொன்னார் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி தண்டபாணி. 2021 ஜூன் 18 அன்று தர்மபுரியில் கைது. ஜூலையில் குண்டர் சட்டம் பாய்ந்தது. அலைவரிசையின் நிர்வாகத்தைக் கவனித்த அவருடைய மனைவியும் கைதானார்.

மதனின் கைதைவிடக் கவலை தருவது அவரைப் பின்தொடர்ந்தவர்களின் தொகை. எட்டு லட்சத்துக்கும் மேல். பெண்ணைத் திட்டத் திட்டக் கூட்டம் சேர்ந்தது, கூட்டம் சேரச் சேர வருமானம் ஏறியது. யூடியூபுக்கு எல்லைச் சாவடி கிடையாது. சேலத்துப் பையன் பார்த்ததைக் கோலசிலாங்கூர்ப் பையனும் பார்க்கலாம், அதே மொழியில், அதே சொற்களில். பள்ளிப் பையன்கள் ஆட்டத்தோடு சேர்த்தே அந்தப் பேச்சையும் கற்றுக்கொள்வார்கள்.

மலேசியாவில் சட்டத்தை அசைத்தது ஒரு சாவு. டிக்டாக்கில் பலருக்கும் தெரிந்த ராஜேஸ்வரி அப்பாஹு, ஈஷா என்று அழைக்கப்பட்டவர், 2024 ஜூலை 5 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30. அவர் கேமர் அல்லர். ஆனால் நேரலையில் ஒரு பெண்ணைச் சுற்றி நின்று பெயர் வைத்து, மிரட்டி, பார்வையாளரைச் சிரிக்க வைக்கும் வழக்கம் இரண்டு உலகங்களிலும் ஒன்றுதான். தனக்கு வந்த மிரட்டலைப் பற்றி ஈஷா ஏற்கனவே போலீசில் புகார் செய்திருந்தார். அது தொடர்பான வழக்கில் ஒரு பெண்ணுக்கு 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் கீழ் 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் பிரிவு அனுமதித்த உச்சத் தண்டனையே அவ்வளவுதான். லாரி ஓட்டுநர் ஒருவருக்கு 12 மாதச் சிறை கிடைத்தது. அந்த நூறு வெள்ளிதான் நாட்டை உலுக்கியது.

2024 டிசம்பரில் மக்களவை தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. இணையப் பகடிவதையைக் குறிவைக்கும் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. துன்புறுத்தும் நோக்கத்தோடு மிரட்டியோ இழிவாகவோ பேசினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஒருவரைத் தொல்லைப்படுத்துவதற்காக அவருடைய அடையாள விவரங்களைப் பரப்பினாலும் மூன்று ஆண்டு வரை. அப்படித் தூண்டி ஒருவர் தற்கொலைக்கு முயன்றாலோ இறந்தாலோ பத்து ஆண்டு வரை. இதைத் தவிர, 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2024 மார்ச் முதல் இயங்குகிறது. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்கும். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு.

பெண்ணின் மரியாதையைச் சட்டத்திடம் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தில், அதன் தலைவர் ஆர்.எச். நாதனும் தோழர்களும் முன்வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கூலி உயர்வு இருக்கிறது. கள்ளுக்கடையை மூடச் சொல்வது இருக்கிறது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பது இருக்கிறது. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் துரைமாரும் தோட்ட அதிகாரிகளும் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அந்தத் தலைமுறை பெண்ணின் மானத்தைக் கூலிக்குப் பிந்திய விஷயமாக வைக்கவில்லை.

பெண்கள் ஆடுவதற்கான மேடை இப்போது உலக அளவில் விரிந்துவிட்டது. 2024-இல் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜெண்ட்ஸ் மகளிர் போட்டியின் பரிசுத் தொகை 500,000 அமெரிக்க டாலர். அதை வென்றது பிலிப்பீன்ஸ் பெண்கள் அணி. அதே கோடையில் அதே ஊரில் நடந்த பொதுப் போட்டிக்கு 30 லட்சம் டாலர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தியாவிலும் இடைவெளி தெரிந்தது: அந்த ஆண்டு ஏப்ரலில் இந்தியப் பிரதமர் சந்தித்த ஏழு கேமர்களில் பாயல் தாரே ஒருவர் மட்டுமே பெண்.

தோட்டத்திலும் தாமானிலும் இருக்கும் பிள்ளை ரியாத்துக்குப் போகிறாளோ இல்லையோ, தன் குரலில் ஆடுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு. இதைப் படிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஆட்டத்தில் யாரோ கேவலமாகப் பேசினார்கள் என்று மகள் வந்து சொன்னால், முதல் வேலையாக அவளுடைய போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். திட்டியவன் தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்க, திட்டு வாங்கியவள் வெளியேற்றப்படுகிறாள். அடுத்த முறை அவள் வாயே திறக்க மாட்டாள். அவளோடு உட்கார்ந்து, பேசியதைத் திரையில் படம் பிடித்து வையுங்கள். அந்தக் கணக்கின் எண்ணையும், நாளையும், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்திலேயே இருக்கும் புகார்ப் பொத்தானை அழுத்துங்கள். மிரட்டலாகவோ ஆபாசமாகவோ இருந்தால் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். வீட்டில் பையன் இருந்தால், மைக்கில் அவன் என்ன பேசுகிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அதே அணியில் ஆடும் அண்ணன் தம்பிமாரில் ஒருவர், “ஆட்டத்தைப் பாரு, அவளை விடு” என்று மைக்கில் சொன்னாலே அந்தப் பெண் தனியாக இல்லை என்று ஆகிவிடும்.

யாரிடம் சொல்வது என்று தெரியாதவர்களுக்குத் தாலியான் காசே 15999. மனம் உடைந்து போனவர்களுக்கு பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. இரண்டும் இரவிலும் எடுக்கிற எண்கள்.