வயிற்றுக்குள் ஒரு குறுக்குவழி

பினாங்கு ஜார்ஜ் டவுன் மீன் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் ஒன்று வெண்கல நிறக் கோரிடோராஸ். வளர்ப்பவர்களுக்கு அது வெறும் 'கோரி'. விரல் நீளக் கெளுத்தி. வாயோரம் மீசை, உடம்பில் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடு. 1858-இல் டிரினிடாட் தீவிலிருந்து இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் தியோடர் கில்.

நாள் முழுக்க மணலைக் கிளறிக்கொண்டிருக்கும் கோரி, திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு அடிக்கே திரும்பிவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் தண்ணீர் கெட்டுவிட்டதோ என்று பதறுவார்கள். ஓயாமல் பாய்ந்தால் பதறத்தான் வேண்டும். எப்போதாவது என்றால், அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். செவுள் இருந்தாலும் இதற்குக் குடலும் ஒரு நுரையீரல். குடலின் பின்பகுதிச் சுவர் மிக மெல்லியது, ரத்த நாளங்கள் நிறைந்தது. விழுங்கிய காற்றின் ஆக்சிஜன் அங்கே ரத்தத்தில் சேர, மிச்சம் பின்வழியாக வெளியேறிவிடும். இலை அழுகி ஆக்சிஜன் குறைந்து கிடக்கும் தென் அமெரிக்க ஓடைகளில் பிழைக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் அதே குடலுக்கு இன்னொரு வேலையும் உண்டு.

அதைப் பார்க்க வேண்டுமானால் கோரி முட்டையிட வேண்டும்; முட்டையிட மழை வேண்டும். மழைக்காலத்தில் ஓடைக்குக் குளிர்ந்த புதுத் தண்ணீர் வருவதுதான் அதற்குச் சமிக்ஞை. எனவே ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று விட்டு, ரத்தப்புழு போட்டுக் கொழுக்கவைத்து, பாதித் தண்ணீரை மாற்றிச் சில டிகிரி குளிரவைப்பது வழக்கம். பினாங்கில்தான் சங்கடம். இங்கே குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்பு. தொட்டித் தண்ணீருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே குளோரின் போக்கிய தண்ணீரைப் புட்டிகளில் நிரப்பி ஐஸ்பெட்டிக்குள் அடுக்க வேண்டியிருக்கிறது. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டும் ஊரில், மழையைச் சமையலறையில் தயாரிக்கிறோம்!

புயலுக்கு முன் காற்றழுத்தம் குறைவதும் கோரியைத் தூண்டும் என்று பலர் சொல்வார்கள். குளிர்நாடுகளில் இருக்கலாம். பினாங்கில் வானம் தெளிவாக இருந்தாலும் காற்றழுத்தம் தினம் இரண்டு முறை ஏறி இறங்கும். பிற்பகல் நான்கு மணி வாக்கில் வழக்கமாக ஒரு சரிவு. அதை நம்பினால் கோரி தினமும் அல்லவா முட்டையிட வேண்டும்? என் கட்சி குளிர்ந்த தண்ணீர்தான்.

வேளை வந்துவிட்டால் ஆண்கள் பெண்ணை விடாமல் துரத்தும். பிறகு ஓர் ஆண் பக்கவாட்டில் சாய்ந்து நிற்க, பெண் குறுக்கே வந்து அதன் வயிற்றடியில் வாயைப் பதிக்கும். ஆண் தன் மார்புத் துடுப்பால் அவள் மீசையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இருவரும் சற்று நேரம் அசையாமல் இருப்பார்கள். அதே சமயம் பெண் தன் இடுப்புத் துடுப்புகளைப் பை போலக் குவித்து அதில் சில முட்டைகளை விடும். வாய் ஒரு முனையில், முட்டை மறுமுனையில். விந்து எப்படிப் போய்ச் சேர்கிறது? பெண் அதை வாயில் வைத்திருந்து, முட்டை ஒட்டும் இடத்தில் பூசுகிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். 1995-இல் ஜப்பானின் மசனோரி கோடாவும் சக ஆய்வாளர்களும் விடை சொன்னார்கள்: பெண் விந்தைக் குடித்துவிடுகிறது. வாயருகே விட்ட நீலச் சாயம் சில நொடிகளில் பின்வழியாக வெளியே வந்தது. காற்றுக்காக உண்டான அந்தக் குடல்வழியில் விந்து செரிக்கப்படாமல் ஓடி, துடுப்புப் பையில் காத்திருக்கும் முட்டைகளை அடைகிறது. ஓடும் நீரில் கரைந்து வீணாவதில்லை. பக்கத்து ஆண் தன்னுடையதைக் கலக்கவும் வழி குறைவு.

பிறகு பெண் கண்ணாடியில் ஓர் இடத்தை வாயால் துடைத்து முட்டைகளை ஒட்டிவிட்டு, அடுத்த சுற்றுக்குப் போகும். காலைக்குள் நூறைத் தாண்டலாம். முட்டையைத் தின்பதில் பெற்றோருக்கே முதலிடம் என்பதால், பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டித் தனிப் பாத்திரத்துக்கு மாற்றுவது நல்லது. பூஞ்சை பிடிக்காமலிருக்கக் காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்று போடலாம். கடற்கரை மரத்தடியில் பொறுக்கினால் போதும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். மஞ்சள்கரு தீரும்வரை தீனி வேண்டாம்; அதன்பின் அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் குஞ்சுகள். பாதி பிழைத்தாலும் இரண்டடித் தொட்டி தாங்காது. மீன் கடைக்காரர் வாங்கிக்கொள்வார், பெரும்பாலும் காசுக்கு அல்ல, ரத்தப்புழுப் பொட்டலத்துக்கு.