கூரையில் தொடங்கும் சிக்கனம்

வீட்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது என்றாலே, ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் 9 வாட் எல்இடி விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து வைத்து மிச்சம் பிடித்ததை, கூடத்தில் ஓடும் பழைய மின்விசிறி ஏழெட்டு நிமிடத்தில் செலவழித்துவிடுகிறது. கிரைண்டரும் தண்ணீர் மோட்டாரும் ஓடும் நேரம் கொஞ்சம். நம் ஊர் வெயிலில் மின்விசிறிக்கு ஓய்வே கிடையாது. அதனால், வீட்டுச் சிக்கனத்தைக் கூரையில் தொங்கும் அந்த மோட்டாரிலிருந்து தொடங்குவதே சரி என்பேன்.

சாதாரண மின்விசிறியின் நடுக்கிண்ணத்துக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் அசையாமல் இருக்கும்; அவற்றைச் சுற்றியுள்ள வளையம்தான் இறக்கைகளோடு சேர்ந்து சுழலும். சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் வளையத்தில் பதித்த அலுமினியத் தண்டுகளில் இன்னொரு மின்னோட்டத்தைத் தூண்ட, வளையமும் காந்தமாகிப் பின்தொடர்ந்து ஓடுகிறது. ஆக, வளையத்தைக் காந்தமாக்குவதற்கே ஓயாமல் மின்சாரம் போக வேண்டியிருக்கிறது. தண்டும் சுருளும் சூடாகின்றன. இரவெல்லாம் ஓடிய விசிறியை நிறுத்திவிட்டு அந்தக் கிண்ணத்தைத் தொட்டால் கையில் வெதுவெதுப்பு தெரியும். காற்றாக வந்திருக்க வேண்டிய மின்சாரம் அது. விசிறி இழுக்கும் 70, 80 வாட்டில் பாதிக்கும் மேல் இப்படி வெப்பமாகவே போய்விடுகிறது.

பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறியில் வளையத்தின் உட்புறம் நிரந்தரக் காந்தங்கள் இருக்கின்றன. காந்தம் தயாராக இருப்பதால் அதை உண்டாக்கும் செலவு இல்லை. உள்ளே இருக்கும் சிறிய மின்னணுப் பலகை, வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, வளையம் எந்த நிலையில் இருக்கிறது என்று கணித்து, அதற்கேற்பச் சுருள்களுக்கு முறைவைத்து அனுப்புகிறது. ஏறக்குறைய அதே காற்றுக்கு 28 முதல் 35 வாட் போதும். இந்தியாவில் இத்தகைய விசிறியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனமும் உண்டு. ‘சூப்பர்ஃபேன்’ என்ற பெயரில் 2012-இல் வெளிவந்த அது முழு வேகத்தில் 35 வாட்தான் எடுத்தது.

இனி கணக்கு. 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி நாளுக்கு 12 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், இரண்டு மாதத்தில் சுமார் 32 யூனிட் மிச்சம். மூன்று விசிறி உள்ள வீட்டில் 97 யூனிட். தமிழ்நாட்டின் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால், இந்த மிச்சம் கணக்கின் மேல்படியிலிருந்து கழிகிறது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கோ 1,958 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படியின் சலுகை விகிதமும் பறிபோவதால், ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுகிறது. பிறகு விகிதங்கள் ஏறினவே தவிர இந்தப் படி மறையவில்லை. 560, 580 என்று பில் வருகிற குடும்பத்துக்கு மூன்று விசிறிகளை மாற்றுவது இந்த எல்லைக்குக் கீழே இறங்கும் வழி.

விலை அதிகமே என்பார்கள். உண்மைதான், சாதாரண விசிறியைவிட ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். யூனிட்டுக்கு நாலரை ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு விசிறியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 875 ரூபாய் மிஞ்சுகிறது. கூடுதல் விலை இரண்டாண்டுக்குள் திரும்பிவிடும். ஓடுகிற விசிறியைக் கழற்றிவிட்டு வாங்கினால் முழு விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்று, நான்கு ஆண்டு ஆகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் முடிகிற வீட்டுக்கு அந்த மின்சாரம் இலவசம், எனவே பணமாக ஒன்றும் மிஞ்சாது. அவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பழுது பற்றியது. பழைய விசிறி மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலக்ட்ரீஷியன் சில பத்து ரூபாய் கண்டென்சரை மாற்றிச் சரிசெய்துவிடுவார். இதில் மின்னணுப் பலகை போனால் அந்த நிறுவனத்தின் பலகைதான் வேண்டும். இந்தக் குறையை மறைக்கக் கூடாது. எத்தனை ஆண்டு உத்தரவாதம், நம் ஊரில் சர்வீஸ் உண்டா என்று கேட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். பழைய ரெகுலேட்டர் வழியாக இணைத்தால் பலகை கெடலாம். அதைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள்.

2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்பதை வைத்தே நட்சத்திரம் தரப்படுகிறது. வாட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். காற்றைக் குறைத்தும் வாட்டைக் குறைக்க முடியும். 1,200 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 210 கனமீட்டருக்குக் குறையாமல் காற்றுத் தருகிறதா என்று பெட்டியில் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். இரவு முழுக்க ஓடும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுங்கள். மற்றவை பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாறட்டும்.